பெண் தொழிலாளர் சம்பளத்தை நாட்டுக்கு நாடு எப்படி ஒப்பிடுவது?

கேள்வி:
வங்கதேச ஆடைத் தொழிற்சாலைகளில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2023 டிசம்பரிலிருந்து 12,500 டாகா (வங்கதேச நாணயம்). கம்போடியாவில் 2024இல் 204 டாலர். டாலருக்கு மாற்றினால் கம்போடியா கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருகிறது. அப்படியென்றால் அங்கே தையல் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு இரண்டு மடங்கு வசதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
எடுத்துக்கொள்ள முடியாதுங்க. டாலர் விகிதம் வாடகையையும் மளிகையையும் காட்டாது, அதற்குத்தான் அந்தச் சம்பளத்தில் அந்த ஊரில் எவ்வளவு வாங்க முடியும் என்று பார்க்கும் வாங்கும் திறன் கணக்கு இருக்கிறது.

பதில் 2:
சம்பளச் சீட்டைப் பிரித்துப் பாருங்கள், அங்கேதான் விஷயம். அந்த 12,500இல் அடிப்படைச் சம்பளம் வெறும் 6,700, மீதி வீட்டு வாடகை 3,350, சாப்பாட்டுப் படி 1,250, மருத்துவம் 750, போக்குவரத்து 450. ஓவர்டைம் இரட்டிப்பு என்று சொல்வார்கள், ஆனால் இரட்டிப்பாவது அந்த அடிப்படைதான். கம்போடியாவில் வருகைப் படி 10 டாலரும் வாடகை, போக்குவரத்துக்கு 7 டாலரும் 204க்கு வெளியே. ஒன்றில் எல்லாம் உள்ளே, இன்னொன்றில் வெளியே, இதை எப்படி நேராக ஒப்பிடுவது?

பதில் 3:
அப்புறம், குறைந்தபட்சச் சம்பளம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். மெஷினில் பெண்கள், சூப்பர்வைசர் நாற்காலியில் பெரும்பாலும் ஆண்கள். சராசரியை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

கேட்டவர்:
சரி, படிகளைக் கழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கிறேன்.