மிட்சுபிஷி காரும் மிட்சுபிஷி ஏசியும்: ‘சகோதர நிறுவனம்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரே மூலத்திலிருந்து வந்து, ஒரே பெயரோடு தனித்தனியாக இயங்கும் நிறுவனங்களை எப்படிச் சொல்வது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் அதற்குப் ‘பங்காளி நிறுவனம்’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். வந்த மறுமொழிகளைப் படித்தபின் அதைக் கைவிடலாம் என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்வதற்கு முன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சிக்கலைத் திரும்பச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கட்டுரைக்கு மெய்ப்புப் பார்க்கும்போது, ‘மிட்சுபிஷி மோட்டார்ஸின் சகோதர நிறுவனமான மிட்சுபிஷி எலக்ட்ரிக்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சகோதர நிறுவனங்கள் என்றால் இரண்டுக்கும் மேலே ஒரு தாய் நிறுவனம் இருக்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. 1870-ல் இவாசாகி யதாரோ தொடங்கிய கப்பல் தொழில்தான் மூலம். மின்சாதன நிறுவனம் 1921-ல் கப்பல் கட்டும் பிரிவிலிருந்து பிரிந்தது. உலகப் போரில் ஜப்பான் தோற்றபின், 1946-ல் குழுமத்தின் தலைமை நிறுவனமே கலைக்கப்பட்டது. கார் நிறுவனம் தனியாக வந்தது 1970-ல்தான், அதுவும் மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸிலிருந்து. 2016-ல் அந்தக் கார் நிறுவனத்தின் 34 சதவீதப் பங்குகளை நிசான் வாங்கி, அதன் மிகப் பெரிய பங்குதாரர் ஆனது. அதனால் மிட்சுபிஷி எலக்ட்ரிக்குக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அது வேறு வீடு.

இன்னொன்றையும் பாருங்கள். மிட்சுபிஷி எலக்ட்ரிக் ஏசி செய்கிறது, மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸும் ஏசி செய்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி. இரண்டிலும் அதே மூன்று வைரச் சின்னம். குழும நிறுவனங்களின் தலைவர்கள் மட்டும் மாதம் ஒருமுறை ஒரு வெள்ளிக்கிழமை கூடிப் பேசுகிறார்கள். வீடு வேறு, உலை வேறு, வரப்புத் தகராறும் உண்டு, ஆனால் குலதெய்வம் ஒன்று. நம் ஊரில் இந்த உறவுக்குப் பெயர் பங்காளி. அதனால்தான் அந்தச் சொல்லை எடுத்தேன்.

(‘மிட்சு’ என்றால் மூன்று. ‘ஹிஷி’ என்பது நீரில் விளையும் ஒருவகைக் கொட்டை, சாய்சதுர வடிவத்துக்கும் அதுவே பெயர். சேரும்போது ஹிஷி ‘பிஷி’ ஆகிவிடுகிறது. புணர்ச்சி விதி அவர்களுக்கும் இருக்கிறது என்பதில் எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.)

யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியது:

> எங்கட பத்திரிகைகளில் ‘பங்காளிக் கட்சிகள்’ என்றால் கூட்டணியில் இருக்கிற கட்சிகள். ‘பங்காளி நிறுவனம்’ என்று எழுதினால் இங்கே வாசிக்கிறவர் கூட்டாகத் தொழில் செய்யும் நிறுவனம் என்றுதான் விளங்கிக்கொள்வார்.

இதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. சோனியும் ஹோண்டாவும் 2022-ல் பாதிக்குப் பாதி பங்கு போட்டு மின்சாரக் காருக்காக ஒரு நிறுவனம் தொடங்கின. கொழும்பில் இருப்பவர் ‘பங்காளி’ என்றதும் அந்த மாதிரி உறவைத்தான் நினைப்பார். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். பாக் நீரிணையின் ஒரு கரையில் மட்டும் பொருள்படும் சொல்லை அகராதியில் ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, வேறு என்ன இருக்கிறது? உறவினரைக் குறிக்கும் ‘கிளைஞர்’ என்ற பழைய சொல்லை ஒருவர் சொன்னார். அழகான சொல். ஆனால் ‘கிளை’ என்றதும் வங்கிக் கிளை நினைவுக்கு வந்துவிடுகிறது. எனக்கு இப்போது பிடித்திருப்பது ‘தாயாதி நிறுவனம்’. தாயாதி என்பவர் தந்தைவழிச் சொத்தில் உரிமை உள்ள உறவினர். அந்தச் சொல்லுக்குக் கூட்டாளி என்ற பொருள் இல்லை. ‘தாயாதிச் சண்டை’ என்று பேச்சிலும் இருப்பதால் போட்டியும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இதற்கும் எதிர்ப்பு வரும் என்று தெரியும். ‘தாய் நிறுவன’த்தோடு குழம்பாதா? முதல் பார்வையில் குழம்பலாம். ஆனால் இதில் இருப்பது தாய் அல்ல, தாயம், அதாவது பரம்பரைச் சொத்துரிமை. தாயபாகம், அதாவது பரம்பரைச் சொத்தைப் பங்கிடுவது, என்று சட்ட நூல்களில் ஏற்கெனவே புழங்குவதுதான். வடசொல் வழி வந்தது என்ற குறையை ஏற்கிறேன். தூய தமிழில் இதே கூர்மையோடு ஒரு சொல் கிடைத்தால் முதலில் கை தூக்குபவன் நான்தான். ‘ஒருகுடி நிறுவனம்’ வரை யோசித்துப் பார்த்தேன், ஆனால் அதில் பாகம் பிரிந்த செய்தி வரவில்லை. எனக்கு அந்தப் பிரிவினைதான் முக்கியம்.

ஹூண்டாயைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ‘இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிற ஹூண்டாய்தானே டிவியும் விற்கிறது’ என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. சுங் ஜூ-யுங் 1947-ல் கட்டுமான நிறுவனமாகத் தொடங்கியது ஹூண்டாய். கார் 1967-ல் வந்தது, எலக்ட்ரானிக்ஸ் 1983-ல். 2000-ல் மகன்களுக்குள் சண்டை வந்து கார் பிரிவு தனியாகப் போனது. எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2001-ல் ஹைனிக்ஸ் என்று பெயரையே மாற்றிக்கொண்டது. 2012-ல் எஸ்கே என்ற இன்னொரு கொரியக் குழுமம் அதை வாங்கிவிட்டது. இன்று ஹூண்டாய் என்ற பெயரோடு வரும் டிவிகள், அந்தப் பெயரைப் பணம் கொடுத்துப் பயன்படுத்தும் வேறு நிறுவனங்களுடையவை.

இதற்கு ‘வணிகப்பெயர் உரிமம்’ என்று எழுதுகிறோம். எனக்கு அது நிறைவாக இல்லை. உரிமம் என்றதும் ஓட்டுநர் உரிமம் போல அரசு கொடுப்பது என்று தோன்றுகிறது. ‘பெயர்க்குத்தகை’ எனலாமே? நிலம் உன்னுடையது அல்ல, பயிர் உன்னுடையது, காலம் முடிந்தால் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சாம்சங் கார் கதை இதற்கு அப்படியே பொருந்துகிறது. சாம்சங் தொடங்கிய கார் தொழிலை 2000-ல் பிரெஞ்சுக் கார் நிறுவனமான ரெனோ வாங்கியது. அதற்குப் பின்னும் இருபது ஆண்டுக்கு மேல் ‘ரெனோ சாம்சங்’ என்ற பெயரிலேயே கார் விற்றது, பெயருக்குத் தனியாகப் பணம் கொடுத்து. 2022-ல் சாம்சங்கை விட்டுவிட்டு ‘ரெனோ கொரியா’ ஆனது. குத்தகை முடிந்தது.

ஜெனரல் மோட்டார்ஸிடம் 1919 முதல் 1979 வரை ஃப்ரிஜிடேர் குளிர்பெட்டி இருந்ததைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் புதுச் சொல் தேவையில்லை. நேரான தாய் நிறுவனம், துணை நிறுவனம்.

மெய்ப்பில் நின்றுவிட்ட அந்த வரியை மாற்றி எழுதிப் பார்த்தேன்: ‘மிட்சுபிஷி மோட்டார்ஸும் மிட்சுபிஷி எலக்ட்ரிக்கும் தாயாதி நிறுவனங்கள், ஒன்றில் மற்றொன்றுக்கு ஆதிக்கம் இல்லை.’ வாய்விட்டுப் படித்தபோது உறுத்தவில்லை. நீங்களும் உங்கள் கட்டுரைகளில் ஒரு வரியில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், குறிப்பாக இலங்கை நண்பர்கள்.

அப்புறம், ஒரு சிக்கல் இன்னும் மிச்சம். மிட்சுபிஷி பென்சில் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது, யூனி பேனாக்கள் செய்வது. பெயரும் அதேதான், மூன்று வைரச் சின்னமும் அதேதான். ஆனால் கார் குழுமத்தோடு எந்தத் தொடர்பும் கிடையாது. 1903-லேயே அந்தச் சின்னத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். அது தாயாதியும் இல்லை, குத்தகையும் இல்லை. ‘ஒத்தபெயர் நிறுவனம்’ என்பதுதான் இதுவரை எனக்குத் தோன்றியது. அதில் சின்னம் அடங்கவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?

அன்புடன்