அம்மாவின் சங்கிலியை அறுத்தவனுக்கு வேலை கொடுக்கலாமா?

தாராவி டெய்லர் கேட்கிறார்:

தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் ஒன்பது மெஷின் போட்டு ரெடிமேட் சட்டை தைக்கிறேன். பூர்வீகம் திருநெல்வேலி, பிறந்து வளர்ந்தது இங்கேதான். பத்து நாளாகத் தூக்கம் இல்லை, அதனால் கேட்கிறேன்.

2022 பிப்ரவரியில் அம்மா காலையில் பால் வாங்கப் போனார். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த ஒருவன் கழுத்தில் கை வைத்தான். மூன்று சவரன் தாலிச் சங்கிலி. அது சட்டென்று அறுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நாலடி இழுபட்டுப் போய் சாக்கடை மூடியின் விளிம்பில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். கழுத்தில் ஒரு மாதம் சிவப்புக் கோடு இருந்தது. சங்கிலி கிடைக்கவில்லை. இன்றைக்கும் மஞ்சள் கயிறுதான் கட்டியிருக்கிறார்.

என் கடை மேல்மாடியில். செங்குத்தான இரும்பு ஏணி. தினமும் பதினோரு மணிக்கு அம்மா அதில் ஏறி வந்து பட்டன்களை எண்ணி டஜன் டஜனாகப் பிரித்துத் தருவார். அன்றைக்கு நின்றதுதான்.

பறித்தவன் இரண்டு சந்து தள்ளி இருக்கிற பையன். அப்போது அவனுக்கு இருபது வயது. இரண்டு வாரத்தில் பிடித்துவிட்டார்கள். ஜாமீனுக்கு நிற்க ஆள் இல்லை. 2024இல் தீர்ப்பு வந்தது, மூன்று ஆண்டு கடுங்காவல். உள்ளே இருந்த நாளைக் கழித்துக்கொண்டு மீதிக்கு நாசிக் ரோடு சிறைக்கு அனுப்பினார்கள். இப்போது வெளியே வந்துவிட்டான்.

அவன் அம்மா இட்லி அவித்து விற்கிற வீட்டில் விடியற்காலை மூன்று மணியிலிருந்து கூலிக்கு நிற்கிறவர். போன வாரம் ஒரு சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். “உள்ளே தையல் பழகியிருக்கான், வந்து இதைத் தைச்சான், பாருங்க” என்றார். வாங்கக்கூடாது என்றுதான் இருந்தேன். தொழில்காரன் கை சும்மா இருக்குமா, விரித்துப் பார்த்தேன். காலர் முனை இரண்டும் நூல் பிசகாமல் ஒரே அளவு. காலர் முனைதான் டெய்லரைக் காட்டிக்கொடுக்கும். என்னிடம் மூன்று வருஷமாக இருக்கிற பையனுக்கே அது இன்னும் வரவில்லை.

எனக்குக் கோபமே அதில்தான் வந்தது. என் அம்மா ஏணி ஏற முடியாமல் ஆனதற்குத் தண்டனை என்று உள்ளே போனவன், கைத்தொழிலோடு வந்து நிற்கிறான். தண்டனை அவனை வருத்துவதற்கா, ஆளாக்குவதற்கா? அவன் கணக்கு தீர்ந்தது என்றால் என் கணக்கு ஏன் தீரவில்லை?

ராமநாதன், முலுண்ட்:

அண்ணாச்சி, தயவுசெய்து எடுக்காதீர்கள். திருந்துவது அவன் பாடு. அதற்கு உங்கள் கடையா கிடைத்தது? அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. மூன்று வருஷம் சாப்பாடு போட்டுத் தொழிலும் கற்றுக்கொடுத்தால், ஒழுங்காக இருக்கிற பையன்களுக்கு நாம் என்ன சொல்கிறோம்? ஜெயில் வலிக்க வேண்டும். வலித்தால்தான் அடுத்தவன் பைக்கை எடுக்கும்போது யோசிப்பான்.

செம்பூர் வக்கீல்:

அண்ணாச்சி, நான் இலவச சட்ட உதவி வழக்குகள் பார்க்கிறவள். ராமநாதன் சார் கேட்கிற வலி அந்தப் பையனுக்குக் கிடைத்திருக்கிறது, ஆனால் தீர்ப்புக்கு முன்னாலேயே. மும்பை ஆர்தர் ரோடு சிறையில் அனுமதி சுமார் 800 பேருக்குத்தான் இருந்தது. அங்கே மூவாயிரத்துக்கு மேல் அடைத்திருந்த காலம் உண்டு. 2022 கடைசிக் கணக்குப்படி நாடு முழுவதும் சிறையில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தொழில் பழக்குவதெல்லாம் பெரும்பாலும் தண்டனை விதிக்கப்பட்டவர்களுக்குத்தான். வழக்கு முடியாதவன் சும்மா உட்கார்ந்திருப்பான். அப்படியிருக்க, தண்டிப்பதா திருத்துவதா என்கிற கேள்வியே முக்கால்வாசிப் பேரைத் தொடுவதில்லை.

கடுங்காவல் என்றாலே வேலை செய்ய வேண்டும், அவன் தைத்ததும் தண்டனையின் பகுதிதான். இன்னொன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். குஜராத் வழக்கு ஒன்றில் 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கைதி உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும், அந்தக் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்க மாநிலங்கள் சட்டம் செய்ய வேண்டும். அதாவது அவன் தைத்த ஒவ்வொரு சட்டையிலும் உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு ஒரு பங்கு உண்டு என்பது அதன் எண்ணம். அந்தப் பங்கு கையில் வந்தது என்று சொன்ன ஒரு அம்மாவையும் இத்தனை வருஷத்தில் நான் பார்க்கவில்லை. உங்கள் கணக்கு தீராததற்கு இதுவும் ஒரு காரணம். வழக்கில் உங்கள் அம்மா சாட்சிக்கூண்டில் ஏறியதற்கு அப்புறம் யாராவது அவரிடம் ஏதாவது கேட்டார்களா?

கோலிவாடா செல்வம்:

நான் உள்ளே இருந்தவன். அடிதடி வழக்கு, பதினான்கு மாதம், பிறகு விடுதலை. எந்த ஊர், எந்தச் சிறை என்று சொல்லவில்லை. ராத்திரி ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். திரும்ப வேண்டும் என்றால் வரிசையே திரும்ப வேண்டும். பக்கத்தில் படுத்தவன் பூட்டை எப்படித் திறப்பது என்று தினம் பாடம் எடுத்தான். முலாகாத்துக்கு, அதாவது கைதியைப் பார்க்க, அம்மா வந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைவதுதான் தெரியும். வலித்தது, சார். அந்த வலி எனக்கு எதையும் கற்றுத்தரவில்லை. வெளியே வந்து ஒன்பது இடத்தில் வேலை கேட்டேன், பத்தாவதாக மாட்டுங்காவில் ஒரு பூக்கடைக்காரர் வைத்துக்கொண்டார். ஒன்பதாவது இடத்தில் இல்லை என்றபோது அந்தப் பூட்டுக்காரன் நம்பரை போனில் தேடினேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அண்ணாச்சி, வேலை கொடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். விழுந்தது என் அம்மா இல்லை. ஆனால் அவன் வந்து உங்கள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டானா? அவன் அம்மாதானே சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்?

தாராவி டெய்லர்:

எல்லோருக்கும் நன்றி. வக்கீலம்மாவும் செல்வமும் கேட்டது ராத்திரி முழுக்க ஓடியது. நான் அம்மாவிடம் இதைச் சொல்லவே இல்லை, மனசு நோகும் என்று. நேற்று சொல்லிவிட்டு அந்தச் சட்டையையும் காட்டினேன். வாக்கரைப் பிடித்தபடி ரொம்ப நேரம் பார்த்தார். காஜாவில் விரலை விட்டுப் பார்த்தார். “பட்டன் சரியா தைக்கலை, நூல் விட்டிருக்கு” என்றார். அப்புறம், “அவங்க அம்மாவை அனுப்ப வேண்டாம்னு சொல்லு. அவன் வரட்டும். என் கழுத்தைப் பார்த்துப் பேசட்டும். பேசினப்புறம் நான் சொல்றேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன்.