படிகமா, உறைவா, ஈட்டமா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் தேவை

கோத்தகிரி, செவ்வாய் இரவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றின் உளவியல் பகுதியைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குக் கோப்பு போயாக வேண்டும். நான் மாட்டிக்கொண்டிருக்கும் பாடம் கேட்பது இதைத்தான்: ஒரே வகுப்பில், ஒரே புத்தகத்தைப் படிக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு ஊர் உலகச் செய்தியெல்லாம் விரல்நுனியில் இருப்பதும், மற்றவர் விழிப்பதும் எதனால்?

ரேமண்ட் கேட்டெல் என்னும் உளவியலாளர் 1943இல் நுண்ணறிவை இரண்டாகப் பிரித்தார். முன்பின் பார்த்திராத புதிரை அந்த நேரத்திலேயே யோசித்து அவிழ்க்கும் திறன் ‘ஃப்ளூயிட் இன்டெலிஜென்ஸ்’. படிப்பாலும் பழக்கத்தாலும் சேர்ந்து மனத்தில் நிலைத்துவிட்ட சொல்வளம், தகவல், கைவந்த வழிமுறைகள் எல்லாம் ‘கிரிஸ்டலைஸ்டு இன்டெலிஜென்ஸ்’. ஜான் ஹார்னும் அவரும் 1966இல் இதை விரித்து எழுதினார்கள். முன்னது இளமையில் உச்சம் தொட்டு மெல்லச் சரிகிறது. பின்னது நடுவயதைத் தாண்டியும் வளர்கிறது. பொது அறிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பின்னதற்குள் அடங்கும்.

முதல் வரைவில் ‘பாய்ம நுண்ணறிவு’, ‘படிக நுண்ணறிவு’ என்று எழுதி, எங்கள் பள்ளிச் சமூக அறிவியல் ஆசிரியரிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். அவர் பதினொரு இடங்களில் ‘படிக’ என்பதை அச்சுப்பிழை என்று கருதி, சிவப்பு மையால் நடுவே ஒரு ‘க்’ செருகி, ‘படிக்க’ என்று திருத்தித் தந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு சொல் இருந்தால் தந்து உதவுங்கள்.

கூடலூர், புதன் காலை

அம்மா, தங்கள் பள்ளி ஆசிரியர் அறியாமல் செய்த திருத்தத்தை நான் அறிந்தே செய்திருப்பேன். படிகம் என்பது ஸ்படிகத்தின் சிதைவு. பளிங்கு என்று வைக்கலாமே எனச் சிலர் வருவார்கள். அந்தச் சொல்லின் பிறப்பிலும் வழக்கு உண்டு, அதைப் பின்னொரு நாள் பேசுவோம்.

பாகு உறைவதும், பால் உறைவதும், நீர் உறைவதும் தமிழில் ஒரே வினைதான். நீர்மம் தன் ஓட்டத்தை விட்டு ஓரிடத்தில் தங்குவதால் அது உறைதல். தங்கி வாழ்வதும் உறைதலே. உறையுள், உறைவிடம் எல்லாம் அவ்வழி வந்தவை. ஆகவே ‘உறையறிவு’ என்றால் உறைந்த அறிவு, ஒருவனுக்குள் குடியிருக்கும் அறிவு என இரு பொருளும் பொருந்தி வரும். மேலும் இது வினைத்தொகை. உறைந்த, உறைகின்ற, உறையும் என்று முக்காலமும் உள்ளே மறைந்திருப்பதால், வயது ஏறியும் வளர்வது என்ற கருத்துக்கு இலக்கணமே துணை நிற்கிறது. ‘கிரிஸ்டலைஸ்டு’ என்ற ஆங்கிலச் சொல்லோ இறந்தகாலத்தோடு நின்றுவிடுகிறது. பாலுக்கு உறை ஊற்றுவதையும் நினைத்துப் பாருங்கள்: முன்பே உறைந்த தயிரில் ஒரு துளி விட்டால்தான் புதுப்பால் உறையும். தெரிந்தவனுக்கே மேலும் தெரியவருகிறது என்ற உண்மையும் இந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கிறது.

இன்னொன்று. தாங்கள் ‘பொது அறிவு’ என்று பிரித்து எழுதுகிறீர்கள். ‘பொது’ குற்றியலுகரம் அன்று. தனிக்குறிலை அடுத்து வந்த முற்றியலுகரம். ஆகவே வகர உடம்படுமெய் பெற்றுப் ‘பொதுவறிவு’ என்றே நிற்க வேண்டும்.

உதகை, புதன் நண்பகல்

ஐயாவின் இலக்கணத்தை மறுக்க எனக்குத் தகுதியில்லை. நான் அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுபவன். ஓய்வு நேரத்தில் போட்டித் தேர்வு எழுதுவோருக்கு ஜி.கே. சொல்லித் தருகிறேன்.

‘உறை’ என்றவுடன் எங்கள் ஊரில் எவருக்கும் நினைவு வருவது உறைபனி. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் புல்வெளியெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும். இருசக்கர வண்டியின் இருக்கையை நகத்தால் சுரண்டினால் வெள்ளைத் துருவலாய் வரும். ஒன்பது மணி வெயில் பட்டதும் இருந்த இடம் தெரியாது. நிலைத்து நிற்கும் அறிவுக்கு இதையா பெயராக வைப்பது? தேர்வுக்கு முதல் நாள் இரவு மனப்பாடம் செய்து, மறுநாள் முற்பகலில் மறந்துபோகிற அறிவுக்கு வேண்டுமானால் ‘உறையறிவு’ மிகப் பொருத்தம். அந்த அறிவோடு நான் நெடுங்காலம் பழகியிருக்கிறேன்.

குன்னூர், புதன் மாலை

மொழிபெயர்ப்பே பிழைப்பாக உள்ளவள் என்ற முறையில் சொல்கிறேன். படிகம் என்ற சொல்லைத் தமிழ்வழியில் அறிவியல் படித்த எவரும் பள்ளியிலேயே கேட்டிருக்கிறார்கள். ஆசிரியர் ஒருவர் சறுக்கினார் என்பதற்காகப் புழக்கத்தில் இருக்கும் சொல்லைக் கைவிட்டால், அடுத்த நூலில் இதையே தேடுபவருக்கு நம் கையேடும் அகப்படாது, நம் கையேட்டைப் படித்தவருக்கு அடுத்த நூலும் அகப்படாது. தூய்மையாக இருந்தாலும் ஆளுக்கொரு சொல் வைத்துக்கொண்டால் துறை வளராது.

படிகம் வேண்டவே வேண்டாம் என்றால், ‘திரளறிவு’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். வெண்ணெய் திரள்வதுபோல் சிறுகச் சிறுகச் சேர்வது. ஆனால் ‘மக்கள்திரள்’ குறுக்கே வருகிறது. பலர் கூடிச் சேர்ந்து யோசிப்பதற்கான பெயர் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். ‘முதிரறிவு’ என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கு அது கிடையாது என்று ஆகிவிடும். இரண்டையும் நானே அடித்துவிட்டேன்.

கொடைக்கானல், புதன் இரவு

உவமை எது என்று சண்டையிடுமுன், பொருள் எது என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்த்துக்கொள்வது நல்லது. உளவியல் பாடம் நடத்தும் எனக்கு அந்தக் கடமை இருக்கிறது.

கேட்டெலின் விளக்கத்துக்கு முதலீட்டுக் கோட்பாடு என்று பெயர். பிறவியோடு ஒட்டி வரும் யோசிக்கும் திறன்தான் முதல், அதாவது மூலதனம். அதைப் படிப்பிலும் தொழிலிலும் போட்டு வைக்கிறோம். விளைந்து கையில் நிற்பது இரண்டாம் வகை அறிவு. ஆகவே முதல் ஒரே அளவாக இருந்தாலும், எதில் போட்டார்கள், எத்தனை காலம் போட்டார்கள், எவ்வளவு விருப்பத்தோடு போட்டார்கள் என்பதைப் பொறுத்து இருவருடைய அறிவும் வேறாகும். பிலிப் அக்கர்மேன் 1996இல் முன்வைத்த கொள்கை, ஆளுமையையும் ஆர்வத்தையும் இந்தக் கணக்கில் வெளிப்படையாகச் சேர்த்தது. அறிவை நாடும் இயல்பு உள்ளவர், புதியனவற்றுக்கு மனம் திறந்தவர், மற்றவரைவிட மிகுதியாகத் தெரிந்துவைத்திருக்கிறார். துறைதோறும் கேள்வி கேட்டுப் பார்த்த அவருடைய ஆய்வுகளில், பெரும்பாலான துறைகளில் கல்லூரி வயதினரைவிட நடுத்தர வயதினரே முன்னே நின்றார்கள்.

வாசிப்பின் பங்கும் தனித்து அளக்கப்பட்டிருக்கிறது. கீத் ஸ்டேனோவிச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் எளிய தந்திரம் செய்தார்கள். ‘எவ்வளவு படிக்கிறீர்கள்?’ என்று நேராகக் கேட்டால் எல்லாரும் கூட்டித்தான் சொல்வார்கள். ஆதலால் எழுத்தாளர் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, தெரிந்த பெயரைக் குறிக்கச் சொன்னார்கள். அதில் எழுத்தாளரே அல்லாத பெயர்களையும் கலந்துவைத்தார்கள். அள்ளிவிடுபவர் அங்கே அகப்படுவார். ஸ்டேனோவிச்சும் ஆன் கன்னிங்காமும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவான திறமையின் பங்கைக் கழித்த பின்னும் வாசிப்பின் அளவு பொது அறிவோடு உறுதியாக இணைந்து நின்றது. தொலைக்காட்சிக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை.

எனவே நமக்கு வேண்டிய சொல், நிலைத்து நிற்பதையும் உழைத்துச் சேர்த்ததையும் ஒருங்கே காட்ட வேண்டும். ‘உறை’ முன்னதை மட்டுமே காட்டுகிறது.

கூடலூர், வியாழன் அதிகாலை

உறையறிவை நான் இன்னும் கைவிடவில்லை, ஒத்திவைக்கிறேன். உதகைப் பனியைக் கருதித் தமிழ் முழுவதும் சொல்லை மாற்ற வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

கொடைக்கானல் நண்பர் கூறிய பிரிவினை நமக்குப் புதிதன்று. ‘மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு’ என்ற குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், மதிநுட்பத்தை இயற்கையாகிய நுண்ணறிவு என்றும், நூலைச் செயற்கையாகிய நூலறிவு என்றும் பிரித்துவைத்தார். இதைவிடத் தெளிவான ஓர் இணை கிடைக்குமா? ‘இயற்கை நுண்ணறிவு’, ‘செயற்கை நுண்ணறிவு’ என்று நேரே எழுதிவிடலாம். ஆனால் பின்னதைக் கணினிக்காரர்கள் கைப்பற்றிக்கொண்டார்கள். பரிமேலழகர் அமைச்சனுக்குச் சொன்னதை இன்று பொறிக்குச் சொல்கிறோம். ‘நூலறிவு’ மட்டும் எஞ்சி நிற்கிறது, அதையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி, வியாழன் மாலை

ஐயா, ‘நூலறிவு’ என்ற சொல்லோடுதான் இன்று வகுப்புக்குப் போனேன். அங்கேதான் அது உடைந்தது.

ஒன்பதாம் வகுப்பில் பத்துக் கேள்வி கேட்டேன். தொட்டபெட்டாவின் உயரம் என்ன என்றதற்கு முதல் பெஞ்சுப் பையன் எழுந்து 2,637 மீட்டர் என்றான்; வினாடி வினாப் புத்தகம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். பத்தில் இரண்டு மட்டும் சரியாகச் சொன்ன பெண் ஒருத்தி எழுந்து, “எத்தனை மீட்டருன்னு தெரியாது டீச்சர், பஸ்சுல போனா எந்த வளைவுல காது அடைக்கும்னு தெரியும்” என்றாள். வகுப்பு சிரித்தது. பிறகு கவாத்து வெட்டிய தேயிலைச் செடி எப்போது மறுபடி கொழுந்து விடும், மழை ஈரத்தோடு கொழுந்தை நிறுத்தால் எடையில் என்ன தகராறு வரும் என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல, பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். அவள் அறிந்தது எந்த நூலிலும் படித்ததன்று. அம்மாவோடு தோட்டத்தில் நின்று பெற்றது. அதுவும் கேட்டெலின் இரண்டாம் வகைதானே?

அப்படியானால் அவளுக்குப் பொது அறிவு குறைவு என்று நான் மதிப்பெண் போட்டது எதை அளந்தது?

கொடைக்கானல், வியாழன் இரவு

அம்மா, அதே வகைதான். இந்தச் சிக்கலைக் கேட்டெலே கண்டிருந்தார். பள்ளியில் எல்லாரும் ஏறத்தாழ ஒன்றையே கற்பதால் ஒரே வினாத்தாள் போதும். பள்ளியை விட்டபின் ஒவ்வொருவரும் தத்தம் தொழில்வழியே போய்விடுவதால், நேர்மையாக அளக்கத் தொழிலுக்கு ஒரு தேர்வு வேண்டியிருக்கும். 1939இல் வந்த டேவிட் வெக்ஸ்லரின் நுண்ணறிவுச் சோதனையில் தகவல் என்றே ஒரு பகுதி உண்டு. அதில் கேட்கப்படுபவை, அந்தச் சமூகத்தில் வளர்ந்தவர் பலருக்கும் வாய்ப்பு இருந்திருக்கக்கூடிய தகவல்கள். உங்கள் வினாத்தாள் அளந்தது, ஒரு குறிப்பிட்ட பொதுவில் அவளுக்கு இருந்த பங்கை. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் காட்டும் எவர்ஷெட் விளைவு, எங்கள் ஊர் வானாய்வகத்தில் இருந்து 1909இல் கண்டறியப்பட்டது என்பது தேர்வுக் கேள்வியாகத் தகும். அதே சாலையில் பேரிக்காய் விற்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கமாட்டேன்.

உதகை, வியாழன் இரவு

நூலிலிருந்து பெற்றாலும் தோட்டத்திலிருந்து பெற்றாலும் ஈட்டியது ஈட்டியதுதான். எங்கள் அலுவலகத்தில் ‘ஈட்டிய விடுப்பு’ என்பதைப் புரியாத ஊழியர் ஒருவரும் கிடையாது. பணி செய்யச் செய்யக் கணக்கில் ஏறும். கையேட்டைப் படிக்கப்போவது அரசு ஆசிரியர்கள். ‘ஈட்டறிவு’ என்று வைத்தால் என்ன? ஒரே வேறுபாடு, விடுப்பு 240 நாளோடு நின்றுவிடும், ஒப்படைத்துப் பணமும் வாங்கலாம்.

குன்னூர், வியாழன் நள்ளிரவு

ஒப்புகிறேன், அரைமனத்தோடு. கொடைக்கானல் நண்பர் சொன்ன முதலீட்டோடும் இது பொருந்துகிறது. ஆனால் மூலத்தில் நீர்மமும் படிகமும் ஓர் இணை. ஒன்றை நெகிழ்நிலை என்றும் மற்றதைச் சம்பாத்தியம் என்றும் சொன்னால், ஒரு மாட்டை ஏரிலும் மற்றதைச் செக்கிலும் கட்டியதுபோல் இருக்கும். தேடுவோர் பொருட்டு முதலிடத்திலாவது பழைய சொல்லைப் பிறைக்குறிக்குள் கொடுங்கள்.

கோத்தகிரி, வெள்ளி பிற்பகல்

கோப்பை அனுப்பிவிட்டேன். தலைப்பிலும் முதலிடத்திலும் ‘ஈட்டறிவு (படிக நுண்ணறிவு)’. பிறகு எங்கும் ஈட்டறிவு. மற்றதற்கு ‘நெகிழறிவு’. சமூக அறிவியல் ஆசிரியர் இம்முறை சிவப்பு மையைத் திறக்கவில்லை. ‘ஈட்டறிவுன்னா சரண்டர் பண்ணலாமா?’ என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் சொன்ன காது அடைக்கும் வளைவை எடுத்துக்காட்டாகச் சேர்த்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

கூடலூர், வெள்ளி இரவு

எங்கள் பக்கம் ஈட்டி என்றால் மரம். ஈட்டறிவு என்றதும் தச்சன் அறிவு என்பார்கள். போகட்டும். பிறைக்குறி, முடிவெடுக்கத் துணியாதவர் போடும் வேலி என்று பதிவு செய்கிறேன். ‘பொதுவறிவு’ பற்றிய என் குறிப்புக்கு இதுவரை எவரும் மறுமொழி எழுதவில்லை. கையேட்டில் அது எப்படி அச்சாகிறது?