மறு: கால் அண்ட் ரெஸ்பான்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். ஒரு குரல் ஒரு வரி பாட, இன்னொன்று அதற்குப் பதில் சொல்லும் பாட்டுமுறைதான் கால் அண்ட் ரெஸ்பான்ஸ். அதற்கு நீங்கள் முன்வைத்த சொற்களுக்கு என் பதில்கள் கீழே.

> அழைப்பு–மறுமொழி என்றே வைக்கலாமே. நேரான மொழிபெயர்ப்பு.

நேராகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் இன்று 'அழைப்பு' என்றால் கல்யாணப் பத்திரிகை. இல்லாவிட்டால் எடுக்காமல் விட்ட போன். 'மறுமொழி'யை வலைப்பூக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டும் சேர்ந்தால் வாடிக்கையாளர் சேவை மையம் போல ஒலிக்கிறது.

சொல்லை அகராதியில் வைத்துப் பார்ப்பதைவிடப் பாட்டில் வைத்துப் பார்ப்போம். அமெரிக்கப் பாடகி அரீதா பிராங்க்ளின் 1967 மார்ச்சில் அட்லாண்டிக் நிறுவனத்தில் வெளியிட்ட 'ஐ நெவர் லவ்ட் எ மேன் த வே ஐ லவ் யூ' தொகுப்பைப் பற்றி எழுத உட்கார்ந்துதான் இந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டேன். அதன் முதல் பாட்டு 'ரெஸ்பெக்ட்'. ஓட்டிஸ் ரெட்டிங் 1965-இல் எழுதிப் பாடியது. வீட்டுக்கு வரும் ஆண், தனக்கு மரியாதை வேண்டும் என்று கேட்கிற பாட்டு. அரீதா அதை 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் பாடிப் பதிந்தபோது கேட்பவள் பெண்ணாகிவிட்டாள். அதோடு, தனியாகவும் கேட்கவில்லை. சகோதரிகள் எர்மாவும் கரோலினும் பின்னால் நிற்கிறார்கள். அக்கா 'நீ வீட்டுக்கு வரும்போது' என்று முடிக்கும் முன்பே 'கொஞ்சமே கொஞ்சம்' என்று இவர்கள் ஆங்கிலத்தில் ஒரு குத்துக் குத்துகிறார்கள். (எர்மா அரீதாவுக்கு மூத்தவர், அக்கா என்றது கரோலின் பக்கம் நின்று.) 'ரீ ரீ ரீ' என்று அடுக்குவதும் அவர்கள்தான், 'ரீ' வீட்டில் அரீதாவின் செல்லப்பெயர். ரெட்டிங்கின் பதிவில் இந்தப் பேச்சுவார்த்தையே கிடையாது.

> பின்பாட்டு இருக்க, புதுச்சொல் எதற்கு?

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் கூத்தில் பின்பாட்டுக்காரர் பெரும்பாலும் பாடிய அடியையே திருப்பிப் பாடுவார். இங்கே சகோதரிகள் திருப்பிச் சொல்லவில்லை, மேலே ஏற்றுகிறார்கள். வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுவது இதற்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. அரீதாவின் அப்பா சி. எல். பிராங்க்ளின் டெட்ராய்ட்டில் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர். போதகர் ஒரு வரி சொல்ல, சபை 'ஆமென்' என்று குரல் கொடுக்கும். அரீதா பாடக் கற்றது அந்தச் சபையில். தவிர, பேக்கிங் வோக்கல்ஸுக்கு, அதாவது முதன்மைப் பாடகருக்குப் பின்னால் நின்று பாடும் துணைக்குரல்களுக்கு, 'பின்பாட்டு' அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது; அதை அங்கேயே விட்டுவிடலாம்.

> எசப்பாட்டு?

அது போட்டி. இங்கே மூன்று பெண்களும் ஒரே கட்சி.

என் பரிந்துரை: மறுகுரல். 'குரல் கொடு' என்பது ஏற்கெனவே நம் பேச்சில் இருப்பதால் 'மறுகுரல் கொடு' என்று வினை தானாக வந்துவிடுகிறது. முதலில் வருவதை முன்குரல் எனலாம். 'எடுப்பு' அழகான சொல்தான், ஆனால் தமிழிசையில் அது பல்லவி, குழப்பம் வரும். 'மறு' என்றால் மறுப்பது ஆகாதா என்று யாராவது கேட்கலாம். இந்த மடலின் தலைப்பே 'மறு:' என்றுதான் தொடங்குகிறது. இங்கே யாரும் எதையும் மறுப்பதில்லையா என்பது வேறு விஷயம்.

இரண்டு இடறல்கள் எனக்கே தெரிகின்றன. ஏழு சுரங்களில் முதலாவதற்கும் பழைய பெயர் குரல். அது பண் ஆராய்ச்சிக்குள் நிற்கும் வழக்கு, இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். இன்னொன்று கொஞ்சம் சிக்கல்: பதில் சொல்வது எப்போதும் மனிதக் குரல் இல்லை. இதே தொகுப்பில் 'டாக்டர் ஃபீல்குட்' பாட்டில் அரீதா ஒரு வரியை இழுத்து நிறுத்த, அவர் கையே பியானோவில் அதற்குப் பதில் சொல்கிறது. பியானோவுக்குக் குரல் உண்டா? குயிலுக்கும் மணிக்கும் குரல் உண்டு என்கிறோம், பியானோவுக்கும் இருக்கட்டும் என்பது என் கட்சி. ஒப்பாதவர்கள் வேறு சொல் தரவேண்டும்.

சோதனை வாக்கியம்: 'முன்குரலை அரீதா இழுக்க, சகோதரிகள் இடைவெளி விடாமல் மறுகுரல் கொடுக்கிறார்கள்.' இதையே 'அழைப்பு–மறுமொழி' போட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

அப்புறம், அரீதா பாடிய இசைவகையின் பெயரான 'சோல்' என்பதை 'ஆன்ம இசை' ஆக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வாசகர் தேவாரப் பக்கம் போய்த் தேடுவார். சோல் சோலாகவே இருக்கட்டும்.