கூத்து உடுப்பு வாடகைக்கு விடுறது சரிவருமா?

கேள்வி: நான் மட்டக்களப்பு ஆரையம்பதி. பகல்ல ஒபிஸ் வேலை, பின்னேரத்தில அம்மாட தையல் மெசின்ல கூத்துக்காரருக்கும் டான்ஸ் பிள்ளைகளுக்கும் உடுப்பு தைச்சு வாடகைக்கு விடலாமெண்டு யோசிக்கிறன், சரிவருமா இல்ல கைக்காசு போற வேலையா?

பதில் 1: சரிவரும் தங்கச்சி, ஆனா வடமோடிக் கூத்துக்கு பிரம்பு வைச்சு விரிச்சுக் கட்டுற கரப்புடுப்பு செய்யிறதெண்டா முதல்ல கூத்துப் பழக்கிற ஒரு அண்ணாவியாரிட்ட போய்க் கேளுங்க. நான் கேக்காம கட்டினது, அரங்கேற்றத்தண்டைக்கே பிரம்பு இளகி ராசா ஒரு கையால உடுப்பப் பிடிச்சுக்கொண்டுதான் வரவு (முதல் வந்து ஆடுற ஆட்டம்) ஆடினவர் 😄

பதில் 2: கூத்த மட்டும் நம்பாதீங்க கா. அது வேளாண்மை வெட்டி, கோயில் சடங்கு தொடங்கினாத்தான் சூடு பிடிக்கும். கல்லடி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில டான்ஸ் படிக்கிற பிள்ளைகளையும் பிடிச்சு வைங்க, ஆனா அவங்களிட்ட கூத்துக்குழு ரேட் கேக்காதீங்க, பாவம்.

பதில் 3: பாதிக் காசு முன்னுக்கு வாங்காம ஒண்டும் குடுக்காதீங்க. வியர்வை பட்டு சரிகை கறுக்கும், மாரிக்குள்ள மடிச்சு வைச்சா பூஞ்சணம். சலங்கைய மணி எண்ணிக் குடுத்து எண்ணி வாங்குங்க, எனக்கு ஒருக்கா 14 மணி குறைஞ்சு வந்திச்சு.

கேட்டவர்: நன்றி அண்ணன்மார், சனிக்கிழமை அண்ணாவியாரிட்ட வெத்திலையோட போறன்.