ஓசூர் வேலைப் படிவத்தில் மாதவிலக்குத் தேதி எதற்கு?

தேன்கனிக்கோட்டை மகள்:
என் தங்கை பிளஸ் டூ முடித்தவள். ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு ஏஜென்சிக்குப் போனாள். படிவத்தில் சாதி, திருமண நாள், கடைசி மாதவிலக்குத் தேதி என்று கட்டம் போட்டிருக்கிறார்கள். கல்யாணமாகி ஐந்து மாதம் என்று எழுதினாள். "அப்புறம் கூப்பிடுகிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். கூடப் போன, கல்யாணமாகாத தோழிக்கு அன்றைக்கே வேலை. ஸ்க்ரூ முடுக்குகிற வேலைக்கு இந்தத் தேதியெல்லாம் எதற்கு?

சூளகிரி எச்ஆர்:
சகோதரி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஆள் எடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். லைன் வேலை பழகவே மாதக்கணக்கில் ஆகிறது. பழகிய கையோடு 26 வாரப் பேறுகால விடுப்பு என்றால் அந்த இடத்தில் யாரை நிறுத்துவது? விடுப்புச் சம்பளம், மாற்று ஆள் சம்பளம் இரண்டையும் சின்னக் கம்பெனி தாங்காது. கெமிக்கல் பிரிவில் கர்ப்பிணிக்கு ஏதாவது ஆனால் பழியும் எங்கள் தலையில்தான்.

பாலக்கோட்டான்:
விடுப்புச் சம்பளக் கணக்கு தப்பு சார். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில் வருகிறார்கள். லைனில் நிற்கும் பெண்களில் பெரும்பாலோர் அதற்குள்தான். அவர்களுக்குப் பேறுகாலப் பணம் கொடுப்பது இஎஸ்ஐ, முதலாளி இல்லை.

சூளகிரி எச்ஆர்:
அந்தப் பணம் வர, பேறுகாலத்துக்கு முந்தைய இரண்டு சந்தா காலத்தில் (ஒன்று ஆறு மாதம்) 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு உடனே வராது. சரி, பணத்தை விடுங்கள். ஆள் இல்லாமல் லைன் நிற்பதுதான் எனக்குத் தலைவலி.

பாலக்கோட்டான்:
70 நாள் இல்லையென்றால் நஷ்டம் அந்தப் பெண்ணுக்குத்தான். லைன் நிற்பதைப் பற்றிச் சொன்னீர்கள். நல்ல சம்பளம் என்றதும் பெங்களூருக்கு ஓடும் பையன்களிடம் "எப்போது போவாய்" என்று தேதி எழுதி வாங்குகிறீர்களா? ஆள் போகிற கஷ்டம் பெண்ணிடம் மட்டும் ஏன் கேள்வியாகிறது?

அரூர் வக்கீல்:
ஆள் எடுப்பதில் ஆண், பெண் பேதம் கூடாது என்று 1976ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டமே சொன்னது. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின் 3ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. தனியாருக்கும் பொருந்தும். மாதவிலக்குக் கேள்வியும் நீதிமன்றம் பார்த்ததுதான். கர்ப்பத்தை மறைத்தார் என்று நீரா மாத்தூர் என்ற பெண் ஊழியரைத் தகுதிகாண் காலத்தில் எல்ஐசி நீக்கியது. 1991இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. படிவத்தில் இருந்த அந்தக் கேள்விகளையும் எடுக்கச் சொன்னது.

சூளகிரி எச்ஆர்:
நாங்கள் பெண்களைத்தானே எடுக்கிறோம்? பேதம் எங்கே?

அரூர் வக்கீல்:
ஓட்டை அங்கேதான் இருக்கிறது. "திருமணமானவர்" என்ற வார்த்தை அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் கல்யாணமான ஆணை எடுத்துக்கொண்டு, கல்யாணமான பெண்ணை மட்டும் திருப்பி அனுப்பினால் அது பால் பேதம்தான் என்று வாதாட முடியும்.

தேன்கனிக்கோட்டை மகள்:
இன்னொன்றையும் சொல்கிறேன். நிரப்பிய படிவங்கள், ஆதார் நகலோடு, ஏஜென்சி வாசலில் ஒரு திறந்த அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. மேலே இருந்ததில் ஒரு பெண்ணின் போன் நம்பரும் மாதவிலக்குத் தேதியும் போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி இருந்தன. பிஎஃப் கணக்குக்கு ஆதார் வேண்டுமென்றால் வேலை கொடுத்த பிறகு கேளுங்கள். எடுக்காதவளின் நகல் உங்களுக்கு எதற்கு?

சூளகிரி எச்ஆர்:
பெட்டி விஷயம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். படிவத்தையும் நகலையும் எழுதிக் கொடுத்துத் திருப்பிக் கேளுங்கள். மாதவிலக்குத் தேதியைப் படிவத்திலிருந்து எடுத்துவிடலாம்; கெமிக்கல் பிரிவுக்கு மட்டும், சேர்ந்த பிறகு டாக்டர் தனியாகக் கேட்கட்டும். கல்யாணத் தேதியை எடுக்கச் சொன்னால் மட்டும் எங்கள் முதலாளி சம்மதிக்க மாட்டார். நானும் அவர் பக்கம்தான்.

தேன்கனிக்கோட்டை மகள்:
திங்கட்கிழமை தங்கையோடு போய்க் கேட்கிறேன். வக்கீல் அண்ணா, கடிதத்தை ஏஜென்சி பெயருக்கு எழுதுவதா, கம்பெனி பெயருக்கா?

அரூர் வக்கீல்:
இரண்டுக்கும் எழுதும்மா. ஸ்பீட் போஸ்டில் அனுப்பு, ரசீதைப் பத்திரமாக வை.