புதுப்பிப்பு: வீடு விற்ற 300,000 பவுண்டை எங்கே வைப்பது?

முன்பு "ஒரு வங்கிக்கு 85,000 பவுண்டுக்கு மேல் வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். அந்தக் கணக்கு மாறிவிட்டது. 2025 டிசம்பர் 1 முதல் எஃப்எஸ்சிஎஸ் (பிரிட்டனில் வங்கி திவாலானால் சேமிப்பைத் திருப்பித் தரும் திட்டம்) பாதுகாப்பு வரம்பு ஒரு வங்கியில் ஆளுக்கு 120,000 பவுண்டு. கூட்டுக் கணக்கென்றால் இருவருக்கும் சேர்த்து 240,000.

வரம்பு வங்கியின் பெயருக்கு இல்லை, வங்கி நடத்தும் உரிமத்துக்கு. ஹாலிஃபாக்ஸும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் ஒரே உரிமம். இரண்டிலும் போட்டால் பிரித்ததாக ஆகாது. வட்டியும் வரம்புக்குள் அடங்கும். 118,000 போட்டு 4% வட்டி சேர்ந்தால் ஆண்டு முடிவில் 122,720. அந்த 2,720 வெளியே நிற்கும். 114,000-இல் நிறுத்துங்கள்.

குடியிருந்த வீட்டை விற்ற பணமென்றால் 14 லட்சம் பவுண்டு வரை ஆறு மாதம் தற்காலிகப் பாதுகாப்பு உண்டு. விற்பனை ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள், கேட்பார்கள். பிரிக்கவே சோம்பலா? என்எஸ்&ஐ டைரக்ட் சேவர் (பிரிட்டன் அரசின் சேமிப்பு நிறுவனம் தரும் கணக்கு): முழுத்தொகைக்கும் அரசு பொறுப்பு, உச்சவரம்பு 20 லட்சம். வட்டி மட்டும் பெரும்பாலும் சற்றுக் குறைவு.

"ஈசி ஆக்சஸ்" (எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்னும் கணக்கு) என்ற பெயரை நம்பி ஏமாறாதீர்கள். சிலவற்றில் ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் எடுத்தால் வட்டி சரியும். 12 மாத போனஸ் வட்டி முடிந்ததும் சரியும். புதுக் கணக்குக்கு முதலில் 10 பவுண்டு அனுப்பி, வந்து சேர்ந்த பிறகு மீதியை அனுப்புங்கள்.